குறைந்த விலை என்னும் சாக்கு

இந்த ஆண்டில் இப்படி எனக்கு வந்த மூன்றாவது அழைப்பு இது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஒரு பேரூராட்சியில், உறைகிணற்றிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரை மாற்றிய பிறகும் மின்கட்டணம் குறையவில்லை என்று என்னை அழைத்திருந்தார்கள். கோப்பைப் புரட்டினேன். ஒப்பந்தப்புள்ளியில் (டெண்டரில்) குதிரைத்திறன் இருந்தது, விலை இருந்தது. இழுக்கும் மின்சாரத்தில் எத்தனை விழுக்காட்டை வேலையாக்கும் திறனுடன் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. கேட்டால், வழக்கமான பதில்தான்: "சார், குறைந்த விலைக்காரருக்குக் கொடுக்காவிட்டால் தணிக்கையில் ஆட்சேபம் எழுப்பித் தடை போட்டுவிடுவார்கள்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தை ஒருமுறையாவது படித்துவிட்டுப் பேசலாம். எது குறைந்த ஒப்பந்தப்புள்ளி என்பதை, ஆவணத்திலேயே முன்கூட்டிக் குறித்த, அளந்து பார்க்கத்தக்க காரணிகளைக் கொண்டும் அவை ஒவ்வொன்றுக்கும் தரும் ஒப்பீட்டு மதிப்பைக் கொண்டும் முடிவு செய்யவே அது சொல்கிறது. விலைப்பட்டியலின் அடியில் இருப்பவரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஆகவே மின்செலவையும் ஒரு காரணியாக முதலிலேயே எழுதிவிட்டால், தணிக்கையாளர் கேட்பதற்கு ஒன்றுமில்லை. ஒப்பந்தப்புள்ளி உறையைப் பிரித்த பின்பு புதிய நிபந்தனையைச் சேர்த்தால்தான் தடை வரும், வரவும் வேண்டும்.

ஒரே அளவு நீரை ஏற்ற ஒரு மோட்டார் 10 கிலோவாட்டும் இன்னொன்று 7.5 கிலோவாட்டும் இழுக்கிறதென்றால், நாளுக்கு 12 மணி நேர ஓட்டத்தில் ஆண்டுக்கு 10,950 யூனிட் வீணாகிறது. வாங்கும்போது மிச்சம் பிடித்த சில ஆயிரங்களை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கை எத்தனை ஆண்டுக்குத்தான் ஈடுகட்ட முடியும்?

பின்விளைவைப் பார்க்காமல் வாங்கும் இந்தப் பழக்கம் மோட்டாரோடு நிற்கவில்லை. தூத்துக்குடி அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கற்கள் பக்கத்திலேயே கிடைக்க, நம் சுற்றுச்சுவர்களுக்கு இன்னும் சூளைச் செங்கல்லே மதிப்பீட்டில் ஏறுகிறது. பழைய மதிப்பீட்டைப் படியெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் நம் பொறியாளர் வழக்கத்துக்கு நானும் விலக்கல்ல. 2019 சனவரி 1 முதல் தடையிலுள்ள பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைக்காகத் தேநீர்க் கடைக்காரரிடம் அபராதம் வசூலிக்கும் அலுவலகத்தின் செலவுச்சீட்டிலேயே அதே குவளையைக் கண்டபோது சிரிப்பு வரவில்லை.

மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தீர்மானத்துக்குக் கை தூக்கும் முன், இந்தப் பொருள் ஓடுவதற்கு ஆண்டுக்கு என்ன செலவாகும் என்று கேளுங்கள். அலுவலர்களே, பொருள் வந்து இறங்கியதும் அதன் விவரம் பொறித்த பெயர்த்தகட்டைப் படித்துப் பாருங்கள். ஓட்டிப் பார்த்து மீட்டரைக் குறித்து, எழுதிக் கேட்ட திறன் இல்லையென்றால் பில்லில் கையெழுத்திடாமல் பொருளைத் திருப்பி அனுப்புங்கள்.