எஞ்சினுக்கு முன்னால் தகடு

இங்கிலாந்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று வாங்கினேன். எட்டு சிலிண்டர் ரோவர் வி8 எஞ்சின் போட ஆசை. எஞ்சினை முதலில் மாட்டட்டுமா, டிங்கரிங்கை முதலில் முடிக்கட்டுமா?"

சந்தேகமே வேண்டாம், டிங்கரிங்தான் முதலில்.

எஞ்சின் ஏற்கெனவே போட்டுப் பார்த்த ஒன்று. பழைய நான்கு சிலிண்டர் எஞ்சின் 1798 சிசி, வார்ப்பிரும்பு. வி8 3528 சிசி, அலுமினியம். கொள்ளளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு, எடையோ கிட்டத்தட்ட அதேதான். கென் காஸ்டெல்லோ என்ற பிரிட்டிஷ் கார் பந்தயக்காரர் இப்படி மாற்றி விற்றுக் காட்டினார். பிறகு 1973-இல் எம்ஜிபியைத் தயாரித்த கம்பெனியே இறங்கி, 1976 வரை 2591 வண்டிகள் செய்தது. ஆனால் அவை எல்லாமே கூரை மூடிய ஜிடி. ரேடியேட்டர், சைலன்சர், பிரேக் இதையெல்லாம் நல்ல மெக்கானிக் பார்த்துக்கொள்வார்.

தகடு அப்படியல்ல. லாரிக்கு சேசிஸ் தனி, பாடி தனி. எம்ஜிபிக்கு பாடியேதான் சேசிஸ். கூரையில்லாத வண்டியில் பெரும்பாரத்தைத் தாங்குவது கதவுக்கடியில் ஓடும் பெட்டித் தகடு, சில் என்பார்கள். ஈரம் தேங்கித் துரு அரிப்பதும் அங்கேதான். பழைய எஞ்சினின் முறுக்கு விசை 150 நியூட்டன் மீட்டர் அளவு. வி8-க்கு 260. அரித்த சில் இதைத் தாங்காது. சில்லை வெட்டும் முன் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்து, அப்புறம் கதவு சாத்தாது.

சரி, வெல்டு வைத்தால் தகடு ஏன் நெளிகிறது? எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சினால் பட்டா விரியும், தண்ணீர் ஊற்றினால் பழைய அளவுக்கே சுருங்கி மரத்தைக் கவ்வும். எஃகு ஒரு மீட்டர் நீளத்துக்கு, சூடு 100 டிகிரி ஏறினால், 1.2 மில்லிமீட்டர் விரியும். பட்டாவுக்கு விரிய இடம் இருக்கிறது. தகட்டின் நடுவே நாணயம் அளவுக்கு மட்டும் சிவக்கக் காய்ச்சினால்? சுற்றிலும் குளிர்ந்த இரும்பு வழி விடாது. சிவந்த இரும்பு மெழுகுபோல் இளகியிருப்பதால், பக்கவாட்டில் போக முடியாமல் தடித்துப் புடைக்கும். ஆறும்போது சுருங்குவது அந்த நெருக்கப்பட்ட அளவிலிருந்து. ஆகவே காய்ச்சுவதற்கு முன் இருந்ததைவிடச் சிறிதாகி, சுற்றியுள்ள தகட்டை இழுத்துப் பிடிக்கும்.

தகட்டை நெளிய வைப்பதும் இந்த இழுப்புதான், நெளிந்ததைச் சரிசெய்வதும் இதேதான். ஒரே மூச்சில் நீளமாக வெல்டு வைக்காமல், இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என்று ஆற விட்டு வைப்பது அதனால்தான்.

கோவையில் ஒரு பட்டறையில் நேரில் பார்த்தேன். அடிபட்டு நீண்டுபோன பானெட்டை விரலால் அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய், 'டப்' என்று வெளியே வரும். பட்டி பூசி மறைத்திருக்கலாம், பெரியவர் மறைக்கவில்லை. கேஸ் வைத்து ஒரு புள்ளியைச் சிவக்க வைத்தார். அடியில் இரும்புக்கட்டை கொடுத்துச் சுற்றிலும் நாலு தட்டு தட்டி, ஈரத்துணியால் ஒற்றினார். எந்தப் புள்ளி, எவ்வளவு சிவப்பு என்பது அவர் கண்ணில் இருக்கிறது. இந்தக் கண்ணை அளந்து எழுதிவைக்க ஆராய்ச்சிப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது புள்ளி ஆறியதும் என்னை அழுத்திப் பார்க்கச் சொன்னார். பானெட்டில் சத்தம் வரவில்லை.