ரிலீஃப் பிட்சர்: நிவாரணம் அல்ல, தோள்மாற்று

பேஸ்பாலில் பந்தை எறிபவர் பிட்சர், தமிழில் எறிஞர். அவர் களைத்ததும் வந்து எறிபவர் ரிலீஃப் பிட்சர். இவரை ‘நிவாரணப் பந்துவீச்சாளர்’ என்று எழுதினால் எனக்கு மனம் ஒப்பவில்லை. நிவாரணம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் உரிய சொல்.

ரிலீஃபுக்கு வேர் இலத்தீன் ‘ரெலெவாரே’: தூக்கிவிடுதல், பாரம் குறைத்தல். காவல் நின்றவரை அனுப்பிவிட்டு இன்னொருவர் நிற்பதையும் ஆங்கிலத்தில் இச்சொல்லாலேயே குறித்தார்கள். ஆட்டத்துக்கு வந்தது இந்தப் பொருள்தான். சாமி புறப்பாட்டில் பல்லக்குச் சுமப்பவர்கள் நடந்தபடியே தோள் மாற்றிக்கொள்வார்களே, அதே செயல். எறிஞருக்கும் தேய்வது தோள்தான். ஆகவே ‘தோள்மாற்று எறிஞர்’ என்பேன், சுருக்கமாக மாற்றெறிஞர்.

களத்தில் பாருங்கள். அணி மேலாளர், எறிஞர் நிற்கும் மேட்டை நோக்கி நடந்தபடி தன் இடக்கையைத் தொட்டுக் காட்டுகிறார். இடக்கை எறிஞர் ஓடி வருகிறார். மேலாளர் களைத்தவரிடம் பந்தை வாங்கி, வந்தவர் உள்ளங்கையில் வைக்கிறார். அவ்வளவுதான், சுமை கைமாறிவிட்டது.

அமெரிக்க எறிஞர் டேவ் ரிகெட்டி அப்படி மாற்றெறிஞராக வந்தவர். 1983 ஜூலை 4 அன்று நியூயார்க் யாங்கீஸுக்காக, பாஸ்டன் அணிக்கு ஒரு ஹிட்டும் (பந்தை அடித்துத் தளம் சேர்வது) தராமல் முழு ஆட்டத்தையும் எறிந்தார். அப்பேர்ப்பட்டவரை அடுத்த ஆண்டே, ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ்களுக்கு மாற்றினார்கள். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது ‘சேவ்’. 1969 முதல் அதிகாரப்பூர்வக் கணக்கு. ‘காப்பு’ என்ற தமிழ்ச்சொல் அச்சாகப் பொருந்துகிறது. 1986இல் அவர் 46 காப்புகள் எடுத்தார். அன்றைய சாதனை அது.

பின்னாளில் ரிகெட்டி, 2000 முதல் 2017 வரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் பிட்சிங் கோச். கோச் என்பதும் சுமக்கும் சொல்லே! ஹங்கேரியின் கோச் என்ற ஊரில் செய்த வண்டிக்கு ஊர்ப்பெயரே பெயரானது. மாணவனைத் தேர்வு தாண்ட இழுத்துச் செல்லும் ஆசிரியரை ஆக்ஸ்போர்டு மாணவர்கள் அப்படி அழைத்தார்கள். பிறகு விளையாட்டுக்கு வந்தது. தமிழில் ‘பயிற்சியாளர்’ பழகுபவரையும் குறித்துவிடுகிறது. ‘எறிபயிற்றுநர்’ என்றால் குழப்பமில்லை.

ரிகெட்டி பயிற்றிய காலத்தில் ஜயன்ட்ஸ் அணி 2010, 2012, 2014 என மூன்று உலகத் தொடர்களை (அமெரிக்க பேஸ்பாலின் பட்டத்துக்கான இறுதித் தொடர்) வென்றது. 2014 அக்டோபர் 29, கேன்சஸ் சிட்டியில் ஏழாவது ஆட்டம். மூன்று நாள் முன்புதான் முழு ஆட்டமும் எறிந்திருந்த மேடிசன் பம்கார்னர், ஐந்தாவது இன்னிங்ஸில் மாற்றெறிஞராக மேட்டேறினார். 68 பந்துகள், ஐந்து இன்னிங்ஸ். 3–2 என்ற முன்னிலை கடைசிவரை அசையவில்லை.