மூடிய பிறகும் ஓடும் பிரவுசர்: எண்ட் டாஸ்க் அழுத்துமுன் பார்க்க வேண்டியவை

"பிரவுசரை மூடிட்டேன், ஆனா டாஸ்க் மேனேஜர்ல இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு. வைரஸா?" கணினிப் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. பெரும்பாலும் வைரஸ் இல்லை. ஆனால் "அது அப்படித்தான், விடுங்க" என்று சொல்லி அனுப்புவதையும் நான் ஏற்கவில்லை. காரணம் தெரியாமல், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் தினமும் எண்ட் டாஸ்க் அழுத்தி வலுக்கட்டாயமாக நிறுத்தியே காலம் தள்ளுகிறவர்கள் நிறையப் பேர். அந்தப் பழக்கத்தில்தான் சிக்கல் இருக்கிறது.

முதலில் எது இயல்பு என்று தெரிந்துகொள்வோம். 2008இல் குரோம் வந்தபோதே வேலையைப் பல பிராசஸ்களாக, அதாவது தனித்தனியாக ஓடும் துண்டுகளாகப் பிரித்து இயங்கும்படிதான் அதை அமைத்தார்கள். ஒரு டேப் முடங்கினால் மற்றவை பிழைத்துக்கொள்ள வேண்டும் என்பது நோக்கம். 2016 முதல் பயர்பாக்ஸும் படிப்படியாக அந்த வழிக்கு வந்தது. அதனால் பிரவுசர் திறந்திருக்கும்போது அதன் பெயரில் இருபது வரிகள் தெரிந்தாலும் அதில் தவறில்லை. மூடியதும் எல்லாம் அந்த நொடியே மறையாது. ஹிஸ்டரியை எழுதி முடிக்க வேண்டும், மூடும்போது குக்கீகளை அழிக்கச் சொல்லியிருந்தால் அதையும் செய்ய வேண்டும். பயர்பாக்ஸ் இந்த வேலைகளுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம் கொடுக்கிறது. அதற்குள் முடியாவிட்டால் தானே கிராஷ் ஆகி வெளியேறிவிடும்படி அமைத்திருக்கிறார்கள். ஆகவே மூடி இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். அப்போதும் ஓடினால்தான் விசாரணை.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்புப் பொத்தான் ஜன்னலை மட்டும்தான் மூடும். பிரவுசரை நிறுத்த கமாண்டும் க்யூவும் சேர்த்து அழுத்த வேண்டும். அங்கே பல புகார்கள் இதோடு முடிந்துவிடும்.

விண்டோஸில் நான் முதலில் பார்ப்பது செட்டிங்ஸ். குரோமில் சிஸ்டம் பகுதிக்குப் போனால், குரோமை மூடிய பிறகும் பின்னணி ஆப்கள் தொடர்ந்து இயங்கலாமா என்று கேட்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். எட்ஜிலும் அதே போன்ற சுவிட்ச் உண்டு. அதோடு ஸ்டார்ட்அப் பூஸ்ட் என்று இன்னொன்றும் உண்டு. பிரவுசர் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக அதன் சில பிராசஸ்களை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பது அதன் வேலை. இரண்டும் தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். டாஸ்க் மேனேஜரில் வெப்வியூ2 (WebView2) என்ற பெயர் தெரிந்தால் அதை எட்ஜ் என்று நினைத்து நிறுத்த வேண்டாம். வேறு செயலிகள் தங்கள் திரையைக் காட்ட அதைப் பயன்படுத்துகின்றன. அதை நிறுத்தினால் அவைதான் பாதிக்கப்படும்.

செட்டிங்ஸ் சரியாக இருந்தும் ஓடுகிறதா? அப்படியானால் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரில் நாம் சேர்க்கும் துணை நிரல்கள் மேல் சந்தேகம் வைக்கலாம். கோளாறான ஒரு எக்ஸ்டென்ஷன் போதும், குரோம் ஒழுங்காக மூடாமல் நிற்கலாம். குரோம் திறந்திருக்கும்போது ஷிப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு மெமரி தின்கிறது என்று பெயரோடு அதில் தெரியும். ஆனால் தீர்ப்புச் சொல்ல அது மட்டும் போதாது. எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் அணைத்து, பிரவுசரை மூடிப் பாருங்கள். ஒழுங்காக மூடினால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுச் சோதியுங்கள். பொறுமை வேண்டும், ஆனால் பதில் உறுதியாகக் கிடைக்கும். பயர்பாக்ஸில் ட்ரபிள்ஷூட் மோடில் திறந்தாலே எல்லா எக்ஸ்டென்ஷன்களும் தற்காலிகமாக அணைந்துவிடும்.

பயர்பாக்ஸில் இன்னொரு தொல்லை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் தரவில்லை என்று சொல்லித் திறக்க மறுப்பது. உங்கள் புக்மார்க்குகள், பாஸ்வேர்டுகள், செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் புரொஃபைலைப் பழைய பிராசஸ் இன்னும் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். டாஸ்க் மேனேஜரில் அது இருந்தால் அப்போது நிறுத்துவதில் தவறில்லை. அங்கே எதுவுமே இல்லாமல் இந்தச் செய்தி வந்தால், புரொஃபைல் போல்டரில் பேரண்ட்.லாக் (parent.lock) என்ற கோப்பு மிச்சமாக நிற்கிறதா பாருங்கள். அதை நீக்கினால் திறக்கும். பிராசஸ் உயிரோடு இருக்கும்போது மட்டும் அதைத் தொடாதீர்கள். ஒரே புரொஃபைலில் இரண்டு பிரவுசர்கள் எழுத ஆரம்பித்தால் புக்மார்க்குகளுக்கே ஆபத்து.

சரி, தினமும் எண்ட் டாஸ்க் கொடுத்தால் என்னதான் ஆகும்? பிரவுசர் அதை ஒரு விபத்தாக எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்டுத் தரவா என்று கேட்கும். பலர் பயன்படுத்தும் கணினியில் அடுத்து உட்காருபவர் அதற்குச் சம்மதம் கொடுத்தால், நீங்கள் லாக் அவுட் செய்யாமல் விட்ட கணக்கு அவர் முன்னால் திறந்து கிடக்கலாம். பொதுக் கணினியில் ஜன்னலை மூடுவதை நம்பாதீர்கள். லாக் அவுட் செய்த பிறகே எழுந்திருங்கள்.

மாறாக, பின்னணியில் ஓடுவதைக் கண்டுகொள்ளாமல் விட்டாலும் இழப்பு உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. அப்டேட் தரவிறங்கிக் காத்திருக்கும். பிரவுசர் முழுவதும் நின்று மீண்டும் தொடங்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். பின்னணி பிராசஸ் நிற்காத வரை, மூடித் திறந்தாலும் நீங்கள் ஓட்டுவது பழைய, ஓட்டையுள்ள பதிப்பாகவே இருக்கலாம். குரோமின் மேல் மூலையில் அப்டேட் அடையாளம் சிவப்பாகிவிட்டால், அது வந்து ஒரு வாரமாவது ஆகிவிட்டது என்று பொருள். அங்கேயே ரீலாஞ்ச் கொடுத்துவிடுங்கள்.

வைரஸ் பயம் முழுக்க வெற்றுப் பயமும் இல்லை. 2017 நவம்பரில் மால்வேர்பைட்ஸ் நிறுவனம் ஒரு தந்திரத்தை வெளிப்படுத்தியது. சில தளங்கள், விண்டோஸ் டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன பிரவுசர் ஜன்னலை ஒளித்து வைத்து, பார்ப்பவரின் கணினியில் கிரிப்டோ நாணயம் (கணினியைக் கணக்குப் போடவைத்துச் சம்பாதிக்கும் டிஜிட்டல் பணம்) தோண்டிக்கொண்டிருந்தன. பெரிய ஜன்னலை மூடியவர் எல்லாம் முடிந்தது என்று நினைப்பார், கணினியின் மூளையான சிபியுவோ உழைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே எத்தனை பிராசஸ் இருக்கிறது என்பதை விட, எதையும் திறக்காத நேரத்தில் அவை எவ்வளவு சிபியு எடுக்கின்றன என்பதைப் பாருங்கள். சும்மா இருக்கும் பின்னணி பிராசஸ் ஏறக்குறைய பூஜ்யத்தில் நிற்கும். தொடர்ந்து அதிகமாக எடுத்தால் டாஸ்க் மேனேஜரில் அதன் மேல் வலது கிளிக் செய்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று திறந்து பாருங்கள். பிரவுசர் நிறுவப்பட்ட போல்டரில் இல்லாமல் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் போன்ற இடத்திலிருந்து ஓடினாலோ, அதன் ப்ராபர்ட்டீஸில் தயாரிப்பாளரின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டாலோ, பெயரை மட்டும் கடன் வாங்கிய வேறு ஏதோ அது. இணையத்தைத் துண்டித்துவிட்டு முழு ஸ்கேன் ஓட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் காரணம் பிடிபடவில்லை என்றால், புதிதாக ஒரு புரொஃபைல் உருவாக்கி அதை மட்டும் திறந்து மூடிப் பாருங்கள். அது ஒழுங்காக மூடினால் கோளாறு பழைய புரொஃபைலில்தான். புக்மார்க்குகளையும் பாஸ்வேர்டுகளையும் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன்களை மட்டும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகாமல், தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் போடுங்கள்.