எழுதிப் பார்த்த பிறகு படிக்கட்டும்

பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேரும் பிள்ளைகள் இடைக்காலக் கவிதையைப் பெரும்பாலும் கைடு வழியாகத்தான் சந்திக்கிறார்கள். கதைச்சுருக்கம், கருப்பொருள், கவிஞர் குறிப்பு என்று தேர்வுக்கு வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. பாட்டின் ஓசை மட்டும் ஒருமுறைகூடக் காதில் விழாமல் செமஸ்டர் முடிந்துவிடுகிறது. இது பெரிய இழப்பு. அந்தக் கவிதைகள் காதுக்காகவே கட்டப்பட்டவை.

அதனால் மூலத்தைக் கையில் கொடுக்கும் முன்பே எழுத வைக்கிறேன். இங்கிலாந்தின் எக்ஸிடர் தேவாலயத்தில் இருக்கும் 10ஆம் நூற்றாண்டுச் சுவடியில் 90க்கும் மேற்பட்ட விடுகதைப் பாடல்கள் உள்ளன. பலவற்றில் பொருளே பேசும். நங்கூரம் பேசும், கேடயம் பேசும். விடை எழுதப்பட்டிருக்காது. இதே முறையில் வீட்டிலுள்ள ஒரு பொருளைப் பேச வையுங்கள் என்பேன். ஒரு மாணவி தையல் மெஷினைப் பேச வைத்தார்: 'ஒற்றைப் பல்லால் கடித்துக்கொண்டே போகிறேன், கடித்த இடமெல்லாம் ஒட்டிக்கொள்கிறது' என்ற பொருளில். விடுகதைக்கு உயிரான முரண் அவருக்குத் தானாகவே வந்திருந்தது.

அடுத்தது இந்தப் பழைய ஆங்கிலப் பாடல்களின் யாப்பு. ஒரு வரி, இரண்டு பாதி, பாதிக்கு இரண்டு அழுத்தம், அதாவது அழுத்திச் சொல்லும் இரண்டு அசை. பின்பாதியின் முதல் அழுத்தம் எந்த ஒலியோ, அதே ஒலி முன்பாதியில் ஒன்றிலோ இரண்டிலோ வர வேண்டும். கடைசி அழுத்தம் விலகி நிற்கும். இதுவும் மோனைதான் என்றதும் நம் பிள்ளைகளுக்குத் தெம்பு வந்துவிடும். அகரத்துக்கு ஆ, ஐ, ஔ இனம் என்று பள்ளியில் படித்தவர்கள், பழைய ஆங்கிலத்தில் எந்த உயிரும் எந்த உயிரோடும் சேரும் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நமக்கு மோனை சீரின் முதலெழுத்தில். அங்கே அழுத்தம் விழும் அசையில். 14ஆம் நூற்றாண்டின் 'சர் கவைனும் பச்சை வீரனும்' காவியத்தின் முதல் வரியே இதற்குப் பாடம். டிராய் நகர முற்றுகையைச் சொல்லும் அந்த வரி 'ஸ' ஒலியால் கட்டப்பட்டது. தாக்குதல் என்று பொருள்படும் இன்றைய 'அசால்ட்' (assault) என்ற சொல்லின் பழைய வடிவம் அதில் வருகிறது. எழுத்தில் அது உயிரில் தொடங்கினாலும், அழுத்தம் உள்ளே இருக்கும் 'ஸ' மீது விழுவதால் மோனையில் சேர்ந்துகொள்கிறது. 'டிராய்' கடைசியில் தனியே நிற்கிறது. மேசையைத் தட்டிக்கொண்டே வாசிக்கச் சொன்னால், தாங்களும் அப்படி எழுதிப் பார்த்தவர்கள் சட்டென்று பிடித்துவிடுகிறார்கள். விளக்கவுரை மட்டும் படித்தவர்களுக்கு அந்த வரியில் அப்படியொன்று நடப்பதே தெரிவதில்லை.

தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் கவிதையா என்று தயங்குவார்கள். முதல் பிரதியைத் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓசை பிடிபட்ட பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். கவிதையின் அழகுக்கு நான் இன்டர்னல் மார்க் போடுவதில்லை. கூடவே அரைப்பக்கக் குறிப்பு கேட்கிறேன். விதியை எங்கே காத்தார்கள், எங்கே மீறினார்கள், மீறியதால் ஓசை என்ன ஆனது என்று அதில் எழுத வேண்டும். மார்க் அதற்குத்தான்.