சென்னை வரை வேண்டாம், நாகர்கோவில் வரை போதும்: மின்சாரக் காரில் எவ்வளவு ரேஞ்ச் வாங்குவது?

மின்சாரக் கார் வாங்க நினைக்கிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "அண்ணாச்சி, ஒரே சார்ஜ்ல சென்னை போவுமா?" வருஷத்துக்கு எத்தனை தடவை காரில் சென்னை போவீர்கள் என்று கேட்டால், "நாங்க நெல்லை எக்ஸ்பிரஸ்லதான் போவோம்" என்று பதில் வரும்.

நான் பாளையங்கோட்டையில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். மின்கார்கள் வரத்து கூடியதிலிருந்து வீடுகளில் சார்ஜர் மாட்டிக் கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. அதனால் வாங்குவதற்கு முன் குழம்புகிறவர்களையும் பார்க்கிறேன், வாங்கிய பின் புலம்புகிறவர்களையும் பார்க்கிறேன். வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் மட்டும் ஓட்டிக்கொண்டு, பெரிய பேட்டரிக்கு ஈ.எம்.ஐ. கட்டுகிற வியாபாரி ஒருவர் வள்ளியூரில் இருக்கிறார். சின்னது போதும் என்று வாங்கிவிட்டு, ஆடி மாதத்தில் காவல்கிணறு தாண்டியதும் ஏசியை அணைத்துவிட்டு வியர்வையோடு நாகர்கோவில் போய்ச் சேருகிற கல்லூரி ஆசிரியரும் இருக்கிறார். இரண்டு பேரும் ஷோரூமில் ஒரே மாதிரிதான் முடிவெடுத்தார்கள்: பலகையில் இருந்த ரேஞ்ச் எண்ணை, அதாவது ஒரே சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண்ணைப் பார்த்து.

அந்த எண்ணை முதலில் பிரித்துவிடுவோம். நம் நாட்டில் கார்களுக்கு ஒரு சோதனை ஓட்டம் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 20 நிமிடம், பத்தரைக் கிலோமீட்டர். உருளை மேல் ஓடுகிற சோதனை. அதிகபட்ச வேகமே 90தான், அதுவும் கொஞ்ச நேரம். மொத்தச் சராசரி மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். ஏசி கிடையாது, எதிர்க்காற்று கிடையாது, பின்சீட்டில் மாமியார் கிடையாது. அதில் வரும் எண்ணைத்தான் விளம்பரத்தில் போடுகிறார்கள். "கம்பெனிக்காரன் பொய் சொல்லுதானா?" என்று கேட்டால், இல்லை. எல்லாக் காரையும் ஒரே தராசில் நிறுத்த அது உதவும், அவ்வளவுதான். 2024இல் டாடா கர்வ் மின்கார் வந்தபோது, 55 யூனிட் (கிலோவாட் ஹவர்) பேட்டரிக்குச் சோதனை எண் 585 கிலோமீட்டர். முக்கால்வாசி வாடிக்கையாளர்களுக்கு நிஜமாகக் கிடைக்கும் என்று அதே கம்பெனி சொன்னது 400 முதல் 425 வரை. கம்பெனியே இவ்வளவு கழிக்கும்போது நாம் கழிக்காமல் இருக்கலாமா?

நான் கிலோமீட்டரை விட்டுவிட்டு யூனிட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன். பேட்டரி அளவாக கிலோவாட் ஹவர் என்று போட்டிருப்பது, ஈ.பி. பில்லில் வருகிற அதே யூனிட்தான். நான்கு வழிச்சாலையில் 80, 90இல், ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து போனால், சின்னக் கார் ஒரு யூனிட்டுக்கு ஆறரை, ஏழு கிலோமீட்டர் தரும். உயரமான எஸ்.யூ.வி. ஆறு தரும். 110இல் பறந்தால் ஐந்துக்கு இறங்கிவிடும். பெட்ரோல் கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தலைகீழாக இருக்கும்: மின்காருக்கு ஊருக்குள் ஓடுவதுதான் சிக்கனம், ஹைவேதான் செலவு. ஊருக்குள் பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வருகிறது. ஹைவேயில் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கே பாதி செலவாகிறது. ஊருக்குள்ளும் ஒரு விதிவிலக்கு உண்டு. சித்திரை வெயிலில் டவுன் ரதவீதியில் ஊர்ந்துகொண்டிருந்தால், கார் நின்றாலும் ஏசி நிற்பதில்லை. மணிக்கு ஒரு யூனிட் அது தனியாகத் தின்னும்.

இனி காற்று. இதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை, ஆனால் நம் ஊருக்கு இதுதான் முக்கியம். ஆரல்வாய்மொழி கணவாயிலும் செங்கோட்டைக் கணவாயிலும் புகுந்து வருகிற மேல்காற்றை, அதாவது மேற்குக் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் ஆலங்குளம், கயத்தாறு பக்கங்களிலும் மின்சாரம் எடுக்கும் இத்தனை காற்றாடிகளை நட்டு வைத்திருக்கிறார்கள். வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை அது சும்மா இருப்பதில்லை. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி கூடும். நீங்கள் 90இல் போகிறீர்கள், எதிரே 30இல் காற்று அடிக்கிறது என்றால், காருக்கு அது 120இல் போவது மாதிரி. தடை மட்டும் முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுமே, சமன் ஆகிவிடாதா என்றால், ஆகாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் காற்றே இல்லாத நாளைவிட மொத்தத் தடை பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதலாகவே வரும்.

எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதையும் பாருங்கள். நாகர்கோவிலுக்கும் தென்காசிக்கும் போகிறவர்களுக்கு, பேட்டரி நிறைந்திருக்கும்போதே எதிர்க்காற்று வந்துவிடும், திரும்புவது சுலபம். தூத்துக்குடி, திருச்செந்தூர் போகிறவர்களுக்கு இது மாறி அமையும். போகும்போது சொகுசாகப் போய், பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறதே என்று சந்தோஷமாகக் கடலில் குளித்துவிட்டுத் திரும்பினால், அந்தப் பாதி பாதியாக இருக்காது. திரையில் காட்டுகிற மீதி கிலோமீட்டர், வந்த வழியின் செலவை வைத்துப் போடுகிற கணக்கு. வரப்போகிற காற்று அதற்குத் தெரியாது.

சரி, எவ்வளவு வாங்குவது? மாதம் ஒரு தடவையாவது காரில் போய்வருகிற ஊர்களில் மிகத் தூரமானது எது என்று பாருங்கள். வழியில் எங்கும் சார்ஜ் போடாமல் அங்கே போய்த் திரும்ப வேண்டும். காற்றுக் காலத்திலும் முடிய வேண்டும், எட்டாவது வருஷத்திலும் முடிய வேண்டும். பேட்டரிக்குப் பெரும்பாலும் 8 வருடம், 1,60,000 கிலோமீட்டர் என்று உத்தரவாதம் தருகிறார்கள். அதற்குள் கொள்ளளவு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நான் கணக்குக்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன். அதைவிட நன்றாக இருந்தால் லாபம். அதற்கு மேல் அடியில் பத்து சதவீதம் கையிருப்பு. இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது எழுபது சதவீதம். அதனால் பயணத்துக்கு ஆகும் யூனிட்டை 0.7ஆல் வகுத்தால், வாங்க வேண்டிய பேட்டரி அளவு வந்துவிடும்.

நெல்லையிலிருந்து தென்காசி போய்வர சுமார் 110 கிலோமீட்டர், குற்றாலமும் சேர்த்தால் 120. யூனிட்டுக்கு ஆறரை என்றால் 18 யூனிட்டுக்குச் சற்று மேல், 0.7ஆல் வகுத்தால் 26. சாரல் காலத்துக்கு இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். திருச்செந்தூருக்கும் ஏறத்தாழ இதே கணக்கு. நாகர்கோவில் போய்வர 160. காற்றோடு சேர்த்து யூனிட்டுக்கு ஐந்தேமுக்கால் என்று வைத்தால் 28; வகுத்தால் 40. பெருமாள்புரத்தில் வீடு, ஜங்ஷனில் வேலை, எப்போதாவது அம்பாசமுத்திரம், பாபநாசம் என்று இருக்கிறவருக்கு 25 யூனிட்டே தாராளம்.

நம் ஊரில் பெரிய கேள்வி மதுரைதான். ஆஸ்பத்திரி, ஹைகோர்ட் கிளை, கல்யாண ஜவுளி என்று ஏதாவது ஒன்றுக்குப் போகாத வீடு குறைவு. விமானத்துக்கு மட்டும் இப்போது தூத்துக்குடிப் பக்கத்து வாகைகுளமே பாதிப் பேருக்குப் போதுமாகிவிட்டது. மதுரை போய்வர 320 கிலோமீட்டர். நடுவில் சார்ஜே போடாமல் என்றால் 53 யூனிட் ஆகும்; வகுத்தால் 76. அந்த அளவுப் பேட்டரி உள்ள கார்கள் வந்துவிட்டன, ஆனால் விலை வேறு மாதிரி. ஒரு வழி மட்டும் கணக்குப் போட்டால் 27, வகுத்தால் 38. மதுரையில் ஆஸ்பத்திரி டோக்கனுக்கு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அங்கேயோ, திரும்பும் வழியில் விருதுநகர், கோவில்பட்டிப் பக்கம் காபி குடிக்கும்போதோ வேகச் சார்ஜரில் அரைமணி போட்டால் முடிந்தது. ஒரே ஒரு கன் (காரில் செருகும் சார்ஜர் முனை) உள்ள இடத்தை நம்பிப் போகாதீர்கள். ஆப்பில் பார்த்து, இரண்டு மூன்று உள்ள இடமாக முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் போடாமல் நாகர்கோவில், ஒரு நிறுத்தத்தோடு மதுரை. இரண்டு கணக்கும் 40 யூனிட்டைச் சுற்றித்தான் வந்து நிற்கின்றன. இந்தப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, ஒரே காராக மின்கார் வாங்குகிறது என்றால் நான் சொல்லும் அளவு அதுதான்.

சென்னை ஆசை இன்னும் போகாதவர்களுக்கு: 620 கிலோமீட்டருக்கு நூறு யூனிட்டுக்கு மேல் ஆகும். முதல் ஓட்டத்துக்கு 100இலிருந்து 15 சதவீதம் வரை கிடைக்கும். அடுத்தடுத்த ஓட்டங்களுக்கு 15இலிருந்து 80 வரைதான், ஏனென்றால் 80க்கு மேல் வேகச் சார்ஜிங் ஆமை நடையாகிவிடும். 45 யூனிட் காருக்கு மூன்று நிறுத்தம், 60 யூனிட் காருக்கு இரண்டு. அந்த ஒரு நிறுத்தத்தின் நாற்பது, ஐம்பது நிமிடத்துக்காக லட்சங்களைக் கூடுதலாகக் கொடுப்பது, கல்யாண அண்டா வாங்கி வைத்துக்கொண்டு தினமும் இரண்டு பேருக்குச் சோறு பொங்குவது மாதிரி. கனத்தையும் சேர்த்துத் தினமும் சுமக்க வேண்டும்; பத்து யூனிட் கூடினால் காரில் இன்னோர் ஆள் ஏறின மாதிரி எடை கூடும்.

அந்தக் காசில் கொஞ்சத்தை வீட்டு லைனுக்குச் செலவழியுங்கள் என்பது என் தொழில் புத்தி என்று நினைத்தாலும் பரவாயில்லை. ரேஞ்ச் பயம் உள்ளவர்களில் நிறையப் பேருக்கு உண்மையில் இருப்பது பிளக் பிரச்சினை. சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு சுமார் 3 யூனிட் ஏறும். இரவு 9 மணிக்குப் போட்டு காலை 7 மணிக்குக் கழற்றினால் 30 யூனிட். சார்ஜிங்கில் வீணாவது போக, 160, 170 கிலோமீட்டருக்கு உத்தரவாதம். நாகர்கோவில் போய்வந்த தூரம் ஒரே ராத்திரியில் நிரம்பிவிடுகிறது.

ஆனால் அந்த பிளக் நிஜமான பிளக்காக இருக்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் வயரே இருக்காது. மிக்சியும் கிரைண்டரும் அதைக் கண்டுகொள்வதில்லை. கார் சார்ஜர் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றுவிடும். எர்த் இருந்தாலும் குழி காய்ந்து போயிருந்தால் கோடையில் அதே கதை. மெல்லிசான பழைய வயரில் பத்து மணி நேரம் முழு கரண்ட் இழுத்தால் பிளக் உருகும். உருகினதை நான் கழற்றியிருக்கிறேன். மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செப்பு வயர், கரண்ட் மிஞ்சினால் லைனை வெட்டுகிற தனி எம்.சி.பி., கரண்ட் கசிந்தால் வெட்டுகிற ஆர்.சி.சி.பி., நல்ல எர்த். ஊர்ப்பக்கம் பம்புசெட் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கினால் சார்ஜ் மெதுவாகும், சில கார்கள் நிறுத்தியே விடும். நேரத்தைத் தள்ளி வைக்க ஆப்பில் வசதி இருக்கிறது. பெரிய பேட்டரி வாங்கினால் 15 ஆம்பியரில் முழுதாக நிரப்ப இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அப்போது 7 கிலோவாட் சார்ஜர் வேண்டியிருக்கும், வீட்டுக்கு ஈ.பி. அனுமதித்திருக்கும் சாங்ஷன் லோடைக் கூட்ட வேண்டியிருக்கும், பல இடங்களில் மூன்று ஃபேஸும். பேட்டரி விலையோடு இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஈ.பி. கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ஸ்லாப் மாறுவதையும் மறந்துவிடாதீர்கள்.

வீட்டில் சார்ஜ் போட வழியே இல்லாதவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. தெருவில் நிறுத்துகிறவர்கள், சார்ஜருக்கு அனுமதி தராத அபார்ட்மென்ட்காரர்கள் வாரம் ஒரு தடவை வெளியே நிரப்ப வேண்டியிருக்கும்; அவர்கள் ஒரு படி பெரிதாகவே வாங்கலாம், அல்லது அனுமதி வாங்கிவிட்டுக் கார் வாங்கலாம். நாள் முழுக்க ராதாபுரம், பணகுடி என்று காற்றாடிக்குக் காற்றாடி அலைகிற சர்வீஸ் ஆட்களுக்கும் பெரியதுதான் சரி. வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்ரோல் கார் இருக்கிறவர்கள் துணிந்து சின்னதை எடுக்கலாம்.

"மாஞ்சோலை ஏறுமா?" என்று கேட்கிறவர்களுக்கு: ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கு, ஒன்றரை டன் காருக்கு வழக்கமான செலவுக்கு மேல் நாலரை, ஐந்து யூனிட் ஆகும். இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பி வந்துவிடும். பேட்டரி தாங்கும், ரோடுதான் யோசிக்க வைக்கும்.

டெஸ்ட் டிரைவ் என்று வண்ணாரப்பேட்டை மேம்பாலத்தைச் சுற்றிக் காட்டினால் போதாது. நாங்குநேரி வரை போய்த் திரும்பக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குவார்கள், கேளுங்கள். புறப்படும் முன் டிரிப் மீட்டரைச் சுழியாக்கி, ஏசியைப் போட்டு, நீங்கள் வழக்கமாகப் போகிற வேகத்திலேயே போங்கள். திரும்பி வந்ததும் கிலோமீட்டருக்கு எத்தனை வாட் ஹவர் என்று திரை காட்டும். 150 என்றால் யூனிட்டுக்கு ஆறரைக்கு மேல், 165 என்றால் ஆறு, 180ஐத் தாண்டினால் ஐந்தரைக்கும் கீழே. நான் மேலே போட்ட கணக்கில் என் எண்ணை எடுத்துவிட்டு அந்த எண்ணைப் போட்டு, உங்கள் ஊர் தூரத்தை வகுத்துப் பாருங்கள்.