சுவர் தரும் வெளிச்சம்

மெக்சிகோ சிட்டியின் தாகுபாயா பகுதியில் ஒரு வீடு. தெருவிலிருந்து பார்த்தால் பூச்சுச் சுவர்தான், விசேஷமாக ஒன்றும் தெரியாது. கட்டடக் கலைஞர் லூயிஸ் பராகான் 1948-இல் தனக்காகக் கட்டியது. 2004-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பராகான் படித்தது சிவில் இன்ஜினியரிங். சிறுவயதின் பெரும்பகுதி ஹாலிஸ்கோ மாநிலத்தில், மசமித்லா ஊரை ஒட்டிய அப்பாவின் பண்ணையில் கழிந்தது. 1980-இல் கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியபோது, தன் வேலைக்கெல்லாம் அடிப்படை அந்தப் பண்ணை நினைவுகளே என்றார். ஏக்கம் யாருக்கும் உண்டு. அதைச் சுவரில் கொண்டுவர ஒளியின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

வாசலில் மங்கிய, குறுகலான நடை. அதில் நிற்கும்போதே கண்மணி விரிகிறது. விழித்திரையும் குறைந்த ஒளிக்குப் பழக ஆரம்பிக்கிறது. அப்புறம் உள்கூடத்தில் கால் வைத்தால், அங்கிருக்கும் சாதாரண வெளிச்சமே பிரகாசமாகத் தெரியும்.

அந்தக் கூடத்தின் மாடிப்படித் திருப்பத்தில் சிற்பி மத்தியாஸ் கோரிட்ஸ் செய்த தங்கத் தகட்டுப் பலகை இருக்கிறது. தங்கம் நீல ஒளியைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டு மஞ்சளையும் சிவப்பையும் திருப்பி அனுப்பும். மேலிருந்து வரும் பகல் வெளிச்சம் அதில் பட்டு, சாயங்கால வெயிலின் நிறத்தோடு கீழே இறங்குகிறது. பக்கத்திலேயே ரோஜா நிறச் சுவர். அதில் பட்ட ஒளி எதிரிலுள்ள வெள்ளைச் சுவரிலும் லேசாக நிறமேற்றும். வெள்ளை இல்லாவிட்டால் இந்த வித்தை எடுபடாது. எங்கும் ஒரே நிறமென்றால் மூளை கொஞ்ச நேரத்தில் அதற்குப் பழகிவிடும். நிறம் வெளுத்துப் போனதுபோல் இருக்கும். ஒப்பிட ஒரு வெள்ளை வேண்டும்.

இனி மூலைக்கு வருவோம். ஒரு பெயின்ட் சிவப்பு ஒளியில் 80 சதவீதமும் நீலத்தில் 40 சதவீதமும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பட்டால் சிவப்பு நீலத்தைப்போல் இரண்டு மடங்கு. அதே நிறமுள்ள அடுத்த சுவரிலும் பட்டால் 64-க்கு 16, அதாவது நான்கு மடங்கு. ஒரே டப்பா பெயின்ட்தான், ஆனால் இரண்டு சுவர் சேரும் இடத்தில் நிறம் அடர்ந்து நிற்கும்.

கடையில் அட்டையில் பார்த்த நிறம் வீட்டில் அடர்த்தியாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். நான்கு சுவருக்கும் அடிப்பதாக இருந்தால், பிடித்த நிறத்துக்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். ஒரே சுவருக்கு என்றால் பிடித்ததையே எடுக்கலாம்.