பிளாக்அவுட்: சொந்த ஊர் ஆட்டம் சொந்த ஊர் டிவியில் வராத கதை

விளையாட்டுச் செய்தியில் பிளாக்அவுட் என்று வந்தால் கரண்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மைதானத்தில் விளக்கு எரிகிறது, கேமரா ஓடுகிறது, ஆயிரம் மைல் தள்ளி இருப்பவர் வீட்டு டிவியில் ஆட்டம் தெளிவாகத் தெரிகிறது. மைதானத்துக்கு அடுத்த தெருக்காரர் டிவியில் மட்டும் ஏதோ பழைய படம் ஓடுகிறது. ஓர் ஆட்டத்தை ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும், விதி போட்டு, வேண்டுமென்றே காட்டாமல் விடுவதுதான் ஒளிபரப்புத் துறையில் இந்தச் சொல்லுக்குப் பொருள். இதை உலகப் புகழ் பெறச் செய்தது அமெரிக்கக் கால்பந்து, அதாவது முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். அதன் தொழில்முறை அணிகளின் கூட்டமைப்பான என்.எஃப்.எல். ஏறத்தாழ 60 ஆண்டுகள் இந்த விதியைக் கட்டிக்காத்தது.

சொல்லின் வழி இப்படி. ஆங்கிலத்தில் முதலில் அது ஒரு வினை: எழுத்தின் மேல் கறுப்பு மையைப் பூசி அழிப்பது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடக மேடைக்காரர்கள் அதைப் பெயர்ச்சொல்லாக்கினார்கள். காட்சி முடிந்ததும் மேடை விளக்கை ஒரேயடியாக அணைப்பது பிளாக்அவுட். இரண்டாம் உலகப்போரில் அது தெருவுக்கு வந்தது. விமானத்திலிருந்து பார்ப்பவன் கண்ணில் ஊர் படக் கூடாது என்பதால் விளக்கை மறைப்பது, ஜன்னலுக்குக் கறுப்புத்தாள் ஒட்டுவது. 1942 ஏப்ரலில் கொழும்பு மீதும் விசாகப்பட்டினம் மீதும் ஜப்பான் குண்டு போட்டபோது சென்னையும் இந்தக் கட்டுப்பாட்டில் கிடந்தது. பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. போருக்கு அப்புறம் மின்தடை, நினைவிழப்பு, செய்தியை வெளிவிடாமல் தடுப்பது என்று பொருள் பெருகியது. டிவி வந்ததும் அங்கேயும் ஒட்டிக்கொண்டது.

தமிழில் இவை ஒவ்வொன்றுக்கும் ஏற்கெனவே சொல் இருக்கிறது. மின்சாரம் போனால் மின்வெட்டு. மனிதர் விழுந்தால் மயக்கம். செய்தியை மறைத்தால் இருட்டடிப்பு. இந்த மூன்றாவது அழகான சொல். வெள்ளையடிப்பது, வர்ணம் அடிப்பது போல இருட்டை அடிப்பது என்று பிரித்துப் பார்த்தால், மை பூசி அழிக்கும் அந்த முதல் பொருளுக்கே அது வெகு அருகில் நிற்கிறது. ஆனால் இருட்டடிப்பு என்றதும் நமக்கு ஒரு சதி வாடை அடிக்கும். 'எங்கள் போராட்டத்தை ஊடகங்கள் இருட்டடிப்பு செய்கின்றன' என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. விளையாட்டு பிளாக்அவுட்டில் எதுவும் ஒளிவுமறைவு இல்லை. எந்த ஊரில், எந்த ஆட்டம், ஏன் வராது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ஆட்டத்தின் முடிவும் மறுநாள் பேப்பரில் வரும். அதனால் இருட்டடிப்பை இங்கே இழுத்துவருவது பொருந்தாது என்பது என் எண்ணம்.

சரி, எதற்காக மறைத்தார்கள்? காசுக்காக, வேறென்ன.

1950இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணி ஒரு சோதனை செய்தது. தன் சொந்த மைதான ஆட்டங்களை எல்லாம் உள்ளூர் டிவியில் காட்ட அட்மிரல் என்ற டிவி பெட்டி நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டது. டிக்கெட் வசூல் குறைந்தால் அந்த நிறுவனம் ஈடுகட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அணி நன்றாகத்தான் ஆடியது, இறுதிப் போட்டி வரை போனது. கூட்டமோ முந்தைய ஆண்டைவிடப் பாதியாகச் சரிந்தது. அட்மிரல் பணம் கொடுத்துக் கைகழுவியது. அடுத்த ஆண்டு வெளியூர் ஆட்டங்களை மட்டும் காட்டினார்கள். மைதானத்துக்குக் கூட்டம் திரும்பியது. மற்ற அணி முதலாளிகளுக்கு இந்த ஒரு பாடம் போதுமானதாக இருந்தது.

அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் சும்மா இருக்கவில்லை. இது வணிகக் கூட்டுச்சதி என்று 1951இல் வழக்குப் போட்டது. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் நீதிபதி ஆலன் கிரிம் தந்த தீர்ப்பு நுட்பமானது. ஓர் அணி தன் ஊரில் ஆடும்போது, அந்த ஊரைச் சுற்றி 75 மைலுக்குள், அதாவது சுமார் 120 கிலோமீட்டருக்குள், ஆட்டங்களை மறைத்துக்கொள்ளலாம் என்றார். நலிந்த அணிகள் டிக்கெட் காசில்தான் பிழைக்கின்றன, அவை மூடினால் போட்டித் தொடரே இருக்காது என்பது காரணம். ஆனால் அணி வெளியூர் போயிருக்கும் நாளில் வேறு ஆட்டங்கள் ஊருக்குள் வருவதைத் தடுக்க முடியாது. பிற்காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய அந்த 75 மைல் கணக்குக்கு நீதிமன்ற முத்திரை கிடைத்தது இங்கேதான்.

இதன் விளைவுகள் சில சமயம் கேலிக்கூத்து. 1958 டிசம்பர் 28 அன்று நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த இறுதிப் போட்டி, கூடுதல் நேரம் வரை போய் பால்டிமோர் 23-17 என்று ஜெயித்த ஆட்டம், அந்த விளையாட்டின் மிகச் சிறந்த ஆட்டம் என்று இன்றும் பேசப்படுகிறது. நாடே டிவியில் பார்த்தது. நியூயார்க் பார்க்கவில்லை. அந்தக் காலத்து நியூயார்க் ரசிகர்கள் பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டுக்குக் காரை ஓட்டிப்போய், தடை வளையத்துக்கு வெளியே உள்ள மோட்டலில் அறை எடுத்து, தங்கள் ஊரில் நடக்கும் ஆட்டத்தை டிவியில் பார்த்தார்கள். 1967 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முதல் சூப்பர் பௌலை, அதாவது அந்த ஆட்டத்தின் சாம்பியன் இறுதிப் போட்டியை, சிபிஎஸ், என்பிசி என்று இரண்டு நெட்வொர்க்குகள் ஒரே நேரத்தில் காட்டின. லாஸ் ஏஞ்சல்ஸில் மட்டும் இரண்டிலும் கிடையாது. அரங்கமும் நிறையவில்லை, ஏறத்தாழ 62,000 பேர் வந்தார்கள், மூன்றில் ஒரு பங்கு இருக்கை காலி. டிவியை மறைத்தால் கூட்டம் தானாக வரும் என்ற கணக்கு அன்றே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

இதில் ரசிகர்களைக் கொதிக்க வைத்த விஷயம், டிக்கெட் முழுவதும் விற்றாலும் தடை நீங்காது என்பது. ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டிய பிறகும் தெருவில் நிற்பவனுக்குத் திரை கிடையாது. வாஷிங்டன் அணியின் ஆட்டங்களுக்கு 1960களின் பிற்பாதியிலிருந்தே டிக்கெட் மிஞ்சியதில்லை. அந்த ஊரில் குடியிருப்பவர்கள் யார்? செனட்டர்கள், காங்கிரஸ் உறுப்பினர்கள், அதிபர். வேறு எந்த ஊரில் மறைத்திருந்தாலும் இன்னும் பத்தாண்டு தாக்குப் பிடித்திருப்பார்கள்.

1972 டிசம்பரில் வாஷிங்டன் அணி தன் சொந்த மைதானத்தில் நாக்-அவுட் சுற்று ஆடியது. கால்பந்துப் பித்தரான அதிபர் நிக்சன் தன் அரசின் தலைமை வழக்கறிஞர் கிளைண்டீன்ஸ்ட் மூலம் என்.எஃப்.எல். ஆணையர் பீட் ரோசெல்லிடம் பேரம் பேசச் சொன்னார்: நாக்-அவுட் ஆட்டங்களை மட்டும் உள்ளூரில் காட்டிவிடுங்கள், மற்ற ஆட்டங்களுக்கான தடையில் நாடாளுமன்றம் கை வைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நிக்சனின் ஒலிநாடாக்களில் இந்தப் பேச்சு பதிவாகியிருக்கிறது. ரோசெல் மறுத்தார். 1973 செப்டம்பரில் சட்டமே வந்துவிட்டது: ஆட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே டிக்கெட் முழுக்க விற்றுவிட்டால் உள்ளூரிலும் காட்டியே ஆக வேண்டும். கொஞ்சம் விட்டுக்கொடுக்க மறுத்தவர் நிறைய இழந்தார். சட்டம் 1975 இறுதியில் காலாவதியானது. ஆனால் என்.எஃப்.எல். அந்த 72 மணி நேர விதியைத் தானே தொடர்ந்து கடைப்பிடித்தது. கைவிட்டால் மறுபடி சட்டம் வரும் என்ற பயம். அதே 1975இல் எஃப்.சி.சி. எனப்படும் தகவல் தொடர்பு ஆணையமும், உள்ளூரில் தடுக்கப்பட்ட ஆட்டத்தைக் கேபிள்காரர்கள் வெளியூரிலிருந்து இழுத்துவந்து காட்டக் கூடாது என்று தன் பங்குக்கு ஒரு பூட்டுப் போட்டது.

இந்த 72 மணி நேரம் பல தந்திரங்களுக்கு வழி வைத்தது. ஞாயிறு மதியம் ஒரு மணி ஆட்டமென்றால் வியாழன் மதியம் ஒரு மணிதான் கெடு. புதன்கிழமையே உள்ளூர்ச் செய்தியில் 'இன்னும் இத்தனை டிக்கெட் பாக்கி' என்று வாசிப்பார்கள். கெடு நெருங்கும்போது சூப்பர் மார்க்கெட்டோ டிவி நிலையமோ மிச்ச டிக்கெட்டை மொத்தமாக வாங்கித் தானம் செய்யும். அணி நிர்வாகமே மிச்சத்தை, டிக்கெட் விலையில் ஒரு டாலருக்கு 34 செண்ட் கணக்கில் வாங்கி ஹவுஸ்ஃபுல் என்று காட்டிக்கொள்ளலாம். ஜாக்சன்வில் அணி இன்னொரு வழி கண்டது. 2005இல் மைதானத்தின் 10,000க்குச் சற்றுக் குறைவான இருக்கைகளைத் தார்ப்பாய் போட்டு மூடியது. இருக்கையே இல்லையென்றால் காலி இருக்கை எங்கிருந்து வரும்? பஃபலோ போன்ற குளிர் ஊர்களில், டிசம்பர் பனியில் தோற்கும் அணியைப் பார்க்க ஆள் வராத ஞாயிறுகளில், பஃபலோவோடு சேர்ந்து, 75 மைல் வளையத்துக்குள் இருந்த ராச்செஸ்டர்காரர்களும் திரையை இழந்தார்கள்.

1970களின் நடுவில் ஏறத்தாழ 60 சதவீத ஆட்டங்கள் உள்ளூரில் மறைக்கப்பட்டன. 2013இல் 256 ஆட்டங்களில் இரண்டே இரண்டு. டிவி உரிமத் தொகை மலைபோல் வளர்ந்து, டிக்கெட் காசு அதன் அடிவாரத்தில் போய் நின்றுவிட்டது. 2014 செப்டம்பர் 30 அன்று எஃப்.சி.சி. தன் விதியை ஒருமனதாக நீக்கியது. 2015இல் என்.எஃப்.எல். தன் தடையை நிறுத்திவைத்தது. அதன் பிறகு அது திரும்பவில்லை.

அப்படியானால் இன்று டல்லாஸில் வேலை பார்க்கும் நம் ஊர்ப் பையன் ஞாயிற்றுக்கிழமை விரும்பிய ஆட்டத்தைப் பார்க்கலாமா? முடியாது. அவன் அதையும் பிளாக்அவுட் என்றுதான் திட்டுகிறான். ஆனால் இது வேறு விஷயம். ஞாயிறு பிற்பகலில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆட்டங்கள் நடக்கும். சிபிஎஸ், ஃபாக்ஸ் என்ற இரண்டு நெட்வொர்க்குகள் அவற்றை ஊர் ஊராகப் பிரித்துக் காட்டுகின்றன. ஊர் அணி வெளியூரில் ஆடினால் அந்த ஆட்டம் ஊர் டிவியில் கட்டாயம். மற்ற ஊர்களுக்கு எது என்பதை நெட்வொர்க் தீர்மானிக்கும். வாரா வாரம் அமெரிக்க வரைபடத்தில் வண்ணம் தீட்டி, எந்த நிறத்துக்கு எந்த ஆட்டம் என்று ரசிகர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். ஊர் அணி உள்ளூரில் ஆடும் நேரத்தில் மற்ற நெட்வொர்க் அந்த ஊரில் போட்டியாக வேறு ஆட்டம் காட்டக் கூடாது என்றும் நீண்ட காலம் ஒரு விதி இருந்தது. அதனால்தான் 1995 முதல் 2015 வரை சொந்த அணியே இல்லாமல் இருந்த லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு விசித்திர அதிர்ஷ்டம்: சொந்த அணியின் கட்டாய ஆட்டமும் கிடையாது, அதற்கான தடையும் கிடையாது, வாரத்தின் நல்ல ஆட்டங்கள் பலவும் அங்கே வந்தன. வெளியூர் ஆட்டங்களும் வேண்டுமென்றால் சண்டே டிக்கெட் என்ற சந்தா உண்டு. 1994இல் டைரக்டிவியில் தொடங்கியது, 2023 முதல் யூடியூபிடம் இருக்கிறது. விலை கொஞ்சம் கடிக்கும். அதிலும் ஊர் டிவியில் ஓடும் ஆட்டம் வராது.

இந்த இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதுதான் ஆங்கிலப் புழக்கத்தின் கோளாறு. தமிழில் அந்தக் கோளாறை நாம் கடன் வாங்க வேண்டியதில்லை. முதலாவது உள்ளூர் ஒளிபரப்புத் தடை; கட்டுரைக்குள் திரும்பத் திரும்ப வரும்போது 'மறைப்பு' என்று சுருக்கிக்கொள்ளலாம், 'ஆட்டம் மறைக்கப்பட்டது' என்று வினையாகவும் ஓடும். வெறும் ஒளிபரப்புத் தடை என்றால் அரசு ஏதோ சேனலை முடக்கிய செய்தி போல இருக்கும், ஆகவே 'உள்ளூர்' விடக் கூடாது. இரண்டாவது வட்டார ஒளிபரப்புப் பங்கீடு. ரேஷன் கடை நினைவுக்கு வந்தால் தப்பில்லை, கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் நிலைமைதான் அங்கேயும். ஒளிமறைப்பு என்று ஒரு சொல்லும் நாவில் வருகிறது, ஒளிபரப்புக்கு நேர் எதிராக நன்றாகவே இருக்கிறது. ஆனால் கிரகணத்தைப் பற்றிய கட்டுரை என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம்.

நாம் கால்பந்து என்று சொல்லும் நிஜக் கால்பந்திலும் ஒரு மறைப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. இங்கிலாந்தில் சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை பொதுவாக எந்தக் கால்பந்து ஆட்டமும் டிவியில் நேரலையாக வராது. 1960களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட் வற்புறுத்தி வாங்கிய ஏற்பாடு. பெரிய கிளப்புகளை டிவியில் பார்த்துக்கொண்டு சின்ன கிளப்புகளின் மைதானத்தை ஜனங்கள் மறந்துவிடக் கூடாது என்பது வாதம். இது ஊர்த் தடையல்ல, நாட்டுத் தடை. அதனால் சனி மாலை மூன்று மணி ஆட்டத்தை லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் அண்ணன் பார்க்க முடியாது. இங்கே சென்னையில் ஏழரைக்கோ எட்டரைக்கோ தம்பி நேரலையில் பார்த்துக்கொண்டு, கோல் விழுந்ததை அவருக்கு வாட்ஸ்அப்பில் சொல்வான்.

அமெரிக்காவில் இப்போது காற்று எதிர்த்திசையில் அடிக்கிறது. ஆட்டங்கள் ஒவ்வொன்றாகக் கட்டண ஓடிடிக்குப் போகின்றன. வியாழக்கிழமை ஆட்டங்கள் 2022 முதல் அமேசானிடம். ஆனால் ஆடும் இரண்டு அணிகளின் ஊர்களில் மட்டும் அதை இலவச டிவியிலும் காட்ட வேண்டும் என்பது என்.எஃப்.எல். விதி. 2024 ஜனவரி 13 அன்று கான்சஸ் சிட்டியும் மயாமியும் ஆடிய நாக்-அவுட் ஆட்டம் பீகாக் என்ற ஓடிடியில் மட்டும் வந்தது. நாடு முழுக்க ரசிகர்கள் சந்தா கட்டினார்கள், கட்டிக்கொண்டே திட்டினார்கள். கான்சஸ் சிட்டியிலும் மயாமியிலும் இருந்தவர்கள் காசு தராமல் உள்ளூர் என்பிசி நிலையத்தில் பார்த்தார்கள்.